ஏரிக்கரையில் இன்னொரு மதகு: தரவுத்தளம் கட்டுகிறவர்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்?

மே பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வண்டிகள் இரவு பகலாக நிற்கும். பெங்களூரா ஏற்றிய டிராக்டர், மினி லாரி, ஆந்திரப் பக்கமிருந்து வந்த பெரிய லாரி எல்லாம் ஒரே வரிசை. எடைமேடையில் ஏறினால் மொத்த எடை, காய் இறக்கிவிட்டு வந்தால் காலி வண்டி எடை, இரண்டையும் கழித்து ஒரு சீட்டு. அந்தச் சீட்டை அச்சடிக்கும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பது என் பிழைப்பு.

2014 சீசனில் ஒரு தொல்லை வந்தது. எடைமேடைக் கணினிக்கும் அலுவலக சர்வருக்கும் நடுவில் நெட் விட்டுவிட்டு வந்தது. சீட்டு சேர்ந்ததா என்று பதில் வராவிட்டால் எடைமேடைக் கணினி அதையே மறுபடி அனுப்பும். ஒரே லோடு இரண்டு தடவை கணக்கில் ஏறியது. சீட்டு எண் திரும்ப வரக்கூடாது என்று பூட்டுப் போட்டேன். அப்புறம் எடையைத் திருத்தி அனுப்பிய சீட்டும் பிழை காட்டித் திரும்பி வந்தது. மண்டிக்கார அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏற்கெனவே இருந்தா திருத்தணும், இல்லேன்னா புதுசா எழுதணும். நோட்டுல நாங்க தினம் பண்றதுதானே தம்பி, இதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல ஒரு வரி கிடையாதா?"

சீட்டுகளை அடுக்கி வைத்துத் தேடித் தரும் மென்பொருளைத் தரவுத்தளம் என்பார்கள், நான் பயன்படுத்தியது போஸ்ட்கிரஸ். அந்த ஒரு வரி அதில் அப்போது கிடையாது. போட்டியாளரான மைஎஸ்க்யூஎல்லில் 2004-ல் முழு வெளியீடாக வந்த 4.1 பதிப்பிலேயே இருந்தது. பத்தாண்டு வித்தியாசம். அண்ணனிடம் என்ன பதில் சொல்ல?

ஏன் இல்லை என்று தேடப் போனபோதுதான் அந்தத் திட்டத்தின் நிரலாளர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று முதன்முதலாகப் பார்த்தேன். கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஒரு வழி சொன்னால் இன்னொருவர் அது எங்கே உடையும் என்று காட்டினார். அடுத்த வழி, அடுத்த உடைப்பு. இலவசமாக மென்பொருள் தருகிறவர்களின் சோம்பேறித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை, அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் ஏரியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கரையின் தென்பக்கத்துக்காரர்கள் தங்கள் வயலுக்கு நேராக இன்னொரு மதகு வேண்டும் என்று கேட்டால் கேட்பதில் தப்பில்லை. கொத்தனார் ஒரு வாரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஐப்பசி மழையில் நடுராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய், புதிதாக வெட்டிய இடத்தில் கசிகிறதா என்று பார்க்கப் போவது யார் என்பதுதான் ஊர்க்கூட்டத்தில் எழும் கேள்வி. தரவுத்தளத்தில் புது வசதி கேட்கும்போதும் விவாதம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. கேட்டவர் எத்தனை பேர் என்பதைவிட, சேர்த்தபின் காவல் இருக்கப் போவது யார் என்பதற்கு அங்கே எடை அதிகம்.

போஸ்ட்கிரஸுக்கு முதலாளி கிடையாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. பல்கலைக்கழகம் கைவிட்டபின் ஆர்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1996-ல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற இப்போதைய முழுப்பெயர் வந்தது. நிரலில் நேரடியாகக் கைவைக்கும் உரிமை உலகம் முழுவதிலும் சேர்த்து முப்பது பேர் அளவில்தான் இருக்கிறது. அவர்களை கமிட்டர் என்பார்கள். அதற்கும் மேலே மையக்குழு என்று ஒரு சின்னக் கூட்டம். எந்த வசதி வரவேண்டும் என்று அது சாதாரணமாக உத்தரவு போடுவதில்லை. வாக்கெடுப்பும் இல்லை. யாராவது பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றத்தை, எழுதி முன்வைக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழித்துப் பார்க்க வேண்டும், பலமான எதிர்ப்பு அடங்கியபின் ஒரு கமிட்டர் தன் பெயரில் உள்ளே சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அதில் பழுது வந்தால் அவர் தலையில்தான் விடியும். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார், கமிட்டர் போக முடியாது.

ஆண்டு முழுக்க இந்த வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று ஐந்து மாதங்கள் கமிட்ஃபெஸ்ட். குவிந்து கிடக்கும் பேட்சுகளை எடுத்து வரிசையாகப் பார்க்கும் மாதம். 2008 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு. அதில் ஒரு நல்ல வழக்கம், உன் பேட்சை மற்றவர் பார்க்க வேண்டுமென்றால் நீ இன்னொருவர் பேட்சைப் பார்த்துக் கொடு. அந்தக் காலத்துக் குடிமராமத்தில் பாசனம் பெறுகிற வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து தூர் வாரியது போலத்தான். ஏப்ரலில் கதவு சாத்திவிடுவார்கள், அதற்குமேல் புது வசதி கிடையாது, பழுது பார்ப்பது மட்டும். செப்டம்பர், அக்டோபரில் புதுப் பதிப்பு. மாமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தை மாதம் பூத்ததெல்லாம் வைகாசியில் காயாக நிற்பதில்லை. ஒவ்வொரு கமிட்ஃபெஸ்டிலும் ஏராளமான பேட்சுகள் அடுத்ததற்குத் தள்ளிப் போகின்றன. தள்ளித் தள்ளிப் போகும்போது கீழே இருக்கும் நிரல் மாறிவிடும், பேட்ச் பொருந்தாது, எழுதியவர் மறுபடி ஒட்டவைக்க வேண்டும். சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

இனி என் ஒரு வரிக்கு வருகிறேன்.

முதலில் தேடிப் பார், இல்லையென்றால் எழுது என்று இரண்டு படியாகச் செய்தால் என்ன என்று தோன்றும். நோட்டு ஒன்று, கணக்குப்பிள்ளை ஒருவர் என்றால் சரிதான். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நொடியில் ஒரே சீட்டு எண்ணைத் தேடினால் இருவருக்கும் "இல்லை" என்றுதான் தெரியும். இருவரும் எழுதப் போவார்கள், ஒருவர் மோதிக்கொள்வார். போஸ்ட்கிரஸில் ஒருவர் எழுதி முடித்து உறுதிசெய்யும் வரை மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது என்பதால் இந்த மோதலை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. திருத்திப் பார், கிடைக்காவிட்டால் எழுதிப் பார், மோதினால் மறுபடி திருத்தப் போ என்று ஒரு சுற்று எழுதிக்கொள்ளச் சொல்லி அவர்கள் கையேட்டிலேயே வைத்தியம் போட்டிருந்தார்கள். அண்ணனின் சீட்டுகளுக்கு நான் செய்ததும் அதுதான்.

அப்படியானால் மைஎஸ்க்யூஎல் செய்ததைப் பார்த்து எழுதிவிட வேண்டியதுதானே? அங்கே ஒரு சிக்கல். சீட்டு எண் திரும்ப வரக்கூடாது என்று ஒரு பூட்டு, ஒரே வண்டி ஒரே நேரத்தில் இரண்டு தடவை ஏறக்கூடாது என்று இன்னொரு பூட்டு என ஓர் அட்டவணையில் இரண்டு இருந்தால், எதில் மோதினால் திருத்த வேண்டும் என்று சொல்ல அந்த வாக்கியத்தில் இடமில்லை. நாம் நினைத்த வரிக்குப் பதில் வேறு வரி திருத்தப்படலாம். மைஎஸ்க்யூஎல் கையேடே இதை எச்சரிக்கிறது. அங்கே இருந்த இன்னொரு வழி இன்னும் முரட்டுத்தனமானது, பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். அந்த வரியைச் சார்ந்து வேறு அட்டவணையில் தொங்கிக்கொண்டிருந்தவையும் சேர்ந்து அழிய வாய்ப்புண்டு. தரவுத்தளங்களிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலையில், இதே வேலைக்கு 2003-ல் சேர்ந்த மெர்ஜ் என்ற வாக்கியம் இருக்கிறதே என்றார்கள் சிலர். ஒரே நேரத்தில் பலர் எழுதும்போது மோதாமல் பார்த்துக்கொள்வேன் என்று அந்தத் தரநிலை வாக்குக் கொடுக்கவில்லை.

பீட்டர் கேகன் என்ற நிரலாளர் சில ஆண்டுகள் இதில் கிடந்தார். கடைசியில் வந்த வழியை நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். வரியைத் தற்காலிகமாகப் போடு, அதே எண்ணுக்கு வேறு யாராவது முன்பே துண்டு போட்டிருக்கிறார்களா என்று பார், போட்டிருந்தால் உன் துண்டை எடுத்துக்கொண்டு அவர் வரியைத் திருத்தப் போ. எந்தப் பூட்டில் மோதினால் திருத்துவது என்பதையும் வாக்கியத்திலேயே சொல்ல வைத்தார்கள். ஆன் கான்ஃப்ளிக்ட் என்ற பெயரில் 2016 ஜனவரியில் 9.5 பதிப்போடு அது வெளியானது. அந்தப் பெயரை முடிவு செய்யவும் தனி விவாதம் நடந்தது. கோபுரத் திருப்பணிக்குப் பல லட்சம் என்றால் ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிட்டு, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று ராத்திரி வரை பேசுகிற விழாக் கமிட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எல்லோருக்கும் கருத்துச் சொல்லத் தெரிந்த விஷயத்தில்தான் பேச்சு நீளும்.

மெர்ஜ் வாக்கியத்தின் கதை இன்னும் கசப்பானது. 2018 ஏப்ரலில் 11-வது பதிப்புக்காக உள்ளே சேர்த்தார்கள். வடிவமைப்பு சரியில்லை என்று சக நிரலாளர்கள் எதிர்த்தார்கள், அதே மாதத்தில் வெளியே எடுத்தார்கள். திருத்தி எழுதி 2022 அக்டோபரில் 15-வது பதிப்பில்தான் வந்தது. அதே 15-வது பதிப்பில் ஜேசான் என்ற வடிவில் இருக்கும் தரவைக் கையாள ஒரு பெரிய தொகுப்பு சேர்த்திருந்தார்கள். பீட்டா என்ற சோதனைப் பதிப்பில் எல்லோரும் பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அதையும் எடுத்துவிட்டார்கள். அதன் முக்கியப் பகுதி 2024-ல் 17-வது பதிப்பில் வந்தது. சேர்த்ததைத் திரும்ப எடுக்கும் இந்தத் துணிச்சல் மென்பொருள் விற்கும் கம்பெனிகளில் அரிது. விளம்பரம் போட்டுவிட்டார்கள், வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார்கள் என்று எப்படியாவது வெளியே தள்ளிவிடுவார்கள். அந்த வகையில் நானும் குற்றவாளி.

சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. எடை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு நிபந்தனையை அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம், செக் என்பார்கள். மைஎஸ்க்யூஎல் பல ஆண்டுகள் அந்த நிபந்தனையைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாது. படிக்கப்படும், ஆனால் பொருட்படுத்தப்படாது என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது, கையேட்டை யார் படிக்கிறார்கள்? நிபந்தனை இருக்கிறது என்று நம்பியவர்களின் அட்டவணையில் மைனஸ் எடையும் ஏறிக்கொண்டது. 2019-ல் 8.0.16 பதிப்பு வந்தபிறகுதான் அது உண்மையிலேயே வேலை செய்தது. இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நாம் வேறு வழி பார்த்திருப்போம்.

இதெல்லாம் சொன்னபிறகு, இல்லை என்று சொல்வது வெறும் பழக்கமாகிப் போவதும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு சர்வரில் எழுதியதை இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் வசதி மைஎஸ்க்யூஎல்லில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. போஸ்ட்கிரஸ்காரர்களோ, நகலெடுப்பதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது, வெளியே தனி மென்பொருளாக இருக்கட்டும் என்று வெகுநாள் சொன்னார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்த வாதம் தவறில்லை. ஆனால் சின்னக் கடைக்காரர்கள் அந்த வெளி மென்பொருள்களை அமைக்க முடியாமல் மைஎஸ்க்யூஎல் பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். 2008 மே மாதம் மையக்குழு சார்பில் டாம் லேன் ஓர் அறிவிப்பு எழுதினார். எளிமையான, நம்பகமான நகலெடுக்கும் வசதி உள்ளேயே இருந்தாக வேண்டும், இல்லாததால் ஆட்களை இழக்கிறோம் என்பது அதன் சாரம். 2010-ல் 9.0 பதிப்பில் அது வந்தது. மையக்குழு இப்படி வாய் திறந்து திசை சொன்னது அபூர்வம். அதுவும் தங்கள் பழைய நிலையை மாற்றிக்கொண்டு சொன்னது.

ஹின்ட் விவகாரத்தில் இன்றுவரை எனக்கே இரண்டு மனசு. ஒரு கேள்வி கேட்டால் அட்டவணை முழுதும் படித்து விடை தேடுவதா, இன்டெக்ஸ் என்ற தேடுபட்டியல் வழியாகப் போவதா என்று தரவுத்தளம் தானே கணக்குப் போட்டு முடிவெடுக்கும். சில நேரம் தவறாகவும் எடுக்கும். அப்போது, இந்த வழியாகப் போ என்று கேள்விக்குள்ளேயே குறிப்பு எழுதி வைக்க ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இடமுண்டு. மற்ற இடங்களில் இருக்கும் அதே வடிவில் இதைச் சேர்ப்பதில் ஆர்வமில்லை என்று போஸ்ட்கிரஸ் திட்டத்தின் வேலைப்பட்டியலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். காரணம் இரண்டு. இன்றைய தரவுக்குச் சரியான குறிப்பு, தரவு பத்து மடங்கு ஆனபிறகும் அங்கேயே கிடந்து கழுத்தறுக்கும். அதோடு, குறிப்பு போட்டுச் சமாளித்தவர்கள் கணக்கில் இருக்கும் பழுதைப் பற்றி வந்து சொல்லவே மாட்டார்கள்.

ஒரு சீசனில் முதல் வாரமே என் அறிக்கை ஒன்று ஒரு நொடியிலிருந்து நாலு நிமிடத்துக்குப் போனது. வாசலில் வண்டி நிற்கிறது, உள்ளே கணக்கு ஓடவில்லை. ஹின்ட் மட்டும் இருந்திருந்தால் என்று அந்த இரவில் அவர்களைத் திட்டாத திட்டில்லை. விடியும்போது கண்டுபிடித்தேன். அட்டவணையில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது கணக்கெடுக்கும் தானியங்கிப் பராமரிப்பை, வேகம் வேண்டுமென்று அணைத்து வைத்தவன் நானேதான். சீசனுக்கு முன் எடுத்த பழைய கணக்கெடுப்பையே நம்பிக்கொண்டு தரவுத்தளம் கணக்குப் போட்டிருக்கிறது. ஹின்ட் இருந்திருந்தால் அந்த அறிக்கையை மட்டும் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன், அடுத்த வாரம் வேறொன்று விழுந்திருக்கும். அவர்கள் வாதம் என் விஷயத்தில் பலித்தது. ஆனால் என்னைப் போல் தப்புச் செய்யாதவருக்கும் நடுராத்திரி உண்டு. அவருக்கு ஓர் அவசரக் கதவு வைக்காததை நான் இன்னும் ஏற்கவில்லை.

அவசரக் கதவு முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. கரையை வெட்டாமல் சொந்த நிலத்தில் போர் போட்டுக்கொள்வது போல, எக்ஸ்டென்ஷன் என்று ஒரு வழி. மையத்தில் கைவைக்காமல் வெளியிலிருந்து வசதியை ஒட்டிக்கொள்ளலாம். ஹின்ட்டுக்கே வெளியே ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. வரைபடக் கணக்குகளுக்கு போஸ்ட்ஜிஐஎஸ், செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் தேடும் வெக்டர் வசதிக்கு 2021-ல் வந்த பிஜிவெக்டர், எல்லாம் இந்த வகை. விவாதம் முட்டுச்சந்தில் நிற்கும்போது "முதலில் எக்ஸ்டென்ஷனாக எழுதி ஓட்டிப் பாருங்கள்" என்பதுதான் வழக்கமான சமாதானம். சில வெளியே வளர்ந்து உள்ளே வந்தும் இருக்கின்றன. உரைத்தேடல் வசதி அப்படித்தான் 2008-ல் 8.3 பதிப்பில் மையத்துக்குள் வந்தது. போர்வெல்லின் குறையும் இதற்கு உண்டு. பதிப்பு மாறும்போதெல்லாம் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், போட்டவர் கைவிட்டால் கேட்க நாதியில்லை.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாக வலிக்கிற ஒரு விவாதமும் உண்டு. என் ஊர்ப் பட்டியலில் சூளகிரிக்கு அடுத்து ஜெகதேவி, அதற்கடுத்து தளி, பிறகு பர்கூர் என்று வந்தது. கணக்குப் பார்க்கும் பெரியவர் அகராதி வரிசை தெரிந்தவர், ஜெகதேவியைக் கடைசியில் தேடிவிட்டு "விட்டுட்டீங்க தம்பி" என்றார். எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினி எண் கொடுக்கும் யூனிகோடில் ஜ எழுத்தின் எண் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. ன, ந-வுக்குப் பக்கத்திலும் ற, ர-வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. புள்ளி வைத்த மெய்க்கு முன்னுரிமையும் இல்லை. அகராதியில் மத்தூர் முதலில், மதகொண்டப்பள்ளி அப்புறம். எண் வரிசையில் தலைகீழ். எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் இதுதான் கிடைக்கும்.

மொழிக்கேற்ற வரிசையை எங்கிருந்து எடுப்பது? இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்வது என்பதே போஸ்ட்கிரஸின் நெடுநாள் வழக்கம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று 2018-ல் தெரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றினார்கள். தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் என்பது பழைய வரிசைப்படி அடுக்கிய அலமாரி. இயங்குதளத்தைப் புதுப்பித்தவுடன் புது வரிசைப்படி தேடினால் இருக்கிற பொருளே இல்லை என்று பதில் வரும். திரும்ப வரக்கூடாத எண் திரும்ப ஏறும். 2017-ல் வந்த 10-வது பதிப்பிலிருந்து ஐசியு என்ற தனி நூலகத்தையும் பயன்படுத்தலாம். ஜெகதேவியை அதன் தமிழ் வரிசைதான் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தது. 17-வது பதிப்பில் யாரையும் நம்பாத ஓர் உள்வரிசையும் சேர்த்தார்கள். அது மாறாது, ஆனால் எழுத்தின் எண்ணைத்தான் பார்க்கும், நம் பெரியவருக்கு உதவாது. நிலையாக இருப்பதா, மொழிக்குச் சரியாக இருப்பதா என்ற இந்த இழுபறியில் தமிழ்ப் பயனர்கள் வாய் திறந்து நான் பார்த்தது மிகக் குறைவு. இன்னொன்று, யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ஐ மைஎஸ்க்யூஎல் எழுத்துக்கு மூன்று பைட் என்று நிறுத்தி வைத்திருந்தபோது தமிழ் மயிரிழையில் தப்பியது. நம் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும். நாலு பைட் கேட்ட எமோஜிகள்தான் அடிபட்டன.

பெரிய சண்டைகளில் பாதி, பழையதை என்ன செய்வது என்பதில் வருகிறது. எங்கள் வீட்டுப் பத்திரங்களில் தாத்தா வாங்கியதில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். 1965-க்குப் பின் எழுதியதில் தர்மபுரி மாவட்டம், 2004-க்குப் பின் கிருஷ்ணகிரி மாவட்டம். மாவட்டம் பிரிந்தது என்பதற்காக யாரும் பழைய பத்திரங்களைத் திருத்தி எழுதவில்லை, படிக்கிறவர்தான் மூன்றையும் தெரிந்து வைத்திருக்கிறார். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 32 பிட் எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. சுமார் 400 கோடியில் எண் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து சுற்றும். பழைய எண்களை அவ்வப்போது துடைத்து வைக்காவிட்டால் சர்வர் எழுத மறுத்து நின்றுவிடும். 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இப்படித்தான் முடங்கியது. 64 பிட் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். ஒவ்வொரு வரியின் தலையிலும் இந்த எண் இரண்டு இடத்தில் இருப்பதால் வரிக்கு எட்டு பைட் கூடும். உலகம் முழுவதும் ஏற்கெனவே வட்டில் இருக்கும் தரவுகளைத் திருத்தி எழுதவும் முடியாது, பழையதையும் புதியதையும் படிக்கத் தெரிந்தாக வேண்டும். பேட்சுகள் பல ஆண்டுகளாக வந்து போய்க்கொண்டிருக்கின்றன. 2023 ஜூனில் ஹெய்க்கி லின்னகங்காஸ் என்ற மூத்த நிரலாளர், ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி புராசஸாக ஓட்டும் பழைய அமைப்பை விட்டு, ஒரே புராசஸுக்குள் பல த்ரெட்டுகளாக ஓட்டும் முறைக்கு மாறலாம் என்று முன்வைத்தபோதும் இதே கேள்விதான். நிரல் முழுக்க இறைந்து கிடக்கும் பொது மாறிகளை என்ன செய்வது, வெளியே எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களின் கதி என்ன? டாம் லேன் உள்பட அனுபவசாலிகள் எதிர்த்தார்கள். நான் அந்த விஷயத்தில் கருத்துச் சொல்லும் அளவுக்குப் படித்தவன் இல்லை.

எஸ்க்யூலைட் என்ற இன்னொரு தரவுத்தளம் இந்த ஊர்க்கூட்டத்தையே வைத்துக்கொள்ளவில்லை. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது, இன்றும் விரல்விட்டு எண்ணும் ஆட்கள். நிரல் பொதுச் சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியார் எழுதிய பேட்சை உள்ளே சேர்ப்பதில்லை. உங்கள் போன் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. 2050 வரை பராமரிப்போம் என்கிறார்கள். மூல நிரலைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு சோதனை நிரல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியில் வெற்றிடம் நுழையலாம் என்ற பழைய பிழை ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தினால் அதை நம்பி எழுதிய பழைய செயலிகள் உடையும் என்பதால் விட்டுவைத்து, கையேட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கதவு மூடியிருப்பது பிடிக்காத சிலர் 2022-ல் நகலெடுத்து லிப்எஸ்க்யூஎல் என்று தனிக்குடித்தனம் போனார்கள். நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூலத்தில் கடைசி வாக்கு அதுதான். பங்காளிகள் பிரிவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. மைஎஸ்க்யூஎல்லை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போன 2009-ல் மரியாடிபி பிரிந்தது இன்னொரு உதாரணம்.

பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இந்த விவாதங்களைப் படித்தால் பாதிதான் புரியும். போஸ்ட்கிரஸ் கமிட்டர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கொடுப்பது ஈடிபி, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்கள். மையக்குழுவில் ஒரே நிறுவனத்து ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. 2020-ல் ஈடிபி தன் போட்டி நிறுவனத்தை வாங்கியபோது அந்த எல்லை மீறியதால் புது உறுப்பினர்களைச் சேர்த்துச் சமன் செய்தார்கள். திட்டம் யார் கைக்கும் போகாமல் இது காக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு ஆள் ஒதுக்கப்படும் என்பதைக் கட்டுப்படுத்தாது. ஆயிரக்கணக்கான சர்வர் ஓட்டுகிறவர்களுக்கு எது தொல்லையோ அதற்குச் சம்பள நேரம் கிடைக்கும். ஒற்றை எடைமேடைக்காரனின் தொல்லைக்கு யாராவது ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும். யாரும் சதி செய்யவில்லை, வாய்க்காலின் தலைமடையில் நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர் முதலில் பாய்வது போலத்தான்.

கடைமடையில் இருப்பவன் செய்யக்கூடியது என்ன என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "இந்த வசதி வேண்டும்" என்று எழுதுவதற்கு அங்கே மதிப்பே இல்லை. "இந்த நாலு வரியை ஓட்டினால் இப்படி உடைகிறது" என்று எழுதினால் அரை மணி நேரத்தில் உலகின் மறுமூலையிலிருந்து பதில் வரும். புதுப் பதிப்பின் பீட்டாவை எடுத்து நிஜத் தரவை ஏற்றி ஓட்டிப் பார்ப்பவர்கள் அவர்களுக்கு வேண்டும். நம்மிடம் இருப்பதோ அவர்களிடம் இல்லாத தரவு. தமிழ் ஊர்ப் பெயர்கள், தெலுங்குப் பெயரைத் தமிழில் எழுதியவர்கள், ஒரே எண்ணில் மூன்று தடவை வந்த சீட்டுகள். கஷ்டம் என்னவென்றால் பீட்டா வருவது மே, ஜூன் வாக்கில். இங்கே வண்டி வரிசை கட்டி நிற்கும் அதே நாட்கள்.

இந்த ஆண்டு ஒரு பழைய கணினியைத் துடைத்துப் பீட்டாவை ஏற்றினேன். போன சீசனின் சீட்டுகளில் பெயர், போன் எண்ணை எடுத்துவிட்டு முழுவதையும் உள்ளே தள்ளினேன். ஒரு தடவை ஓடி முடிய ஒன்றே கால் மணி நேரம். ஒன்றும் உடையவில்லை, ஓர் அறிக்கை மட்டும் முன்பைவிட மெதுவாக வந்தது. ஏன் என்று பார்ப்பதற்குள் மண்டிக்கார அண்ணன் போன் செய்தார். மேடையில் வண்டி ஏறிவிட்டதாம், எடை காட்டவில்லையாம். அந்த மெதுவான அறிக்கையை ஒரு தாளில் குறித்து மானிட்டரில் ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். ஆடி பிறந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும்.